மண்டபம் கலைந்த பிறகு: மாநாட்டுத் தொழிலும் சமூக மாற்றமும்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மாநாட்டுக்கு எங்கள் பாடசாலையிலிருந்து பத்துப் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். வாசலில் வரிசையாக நின்று வருபவர்களுக்கு நிகழ்ச்சி நிரலையும் பைலையும் கொடுத்து வரவேற்பதுதான் அவர்களுக்கான வேலை. காலை எட்டு மணிக்கு நிற்கத் தொடங்கிய பிள்ளைகள் பகல் ஒரு மணி வரை நின்றார்கள். உள்ளே பின்வரிசைக் கதிரைகளில் பாதி காலியாகத்தான் கிடந்தன. யாரும் பிள்ளைகளை வந்து இருக்கச் சொல்லவில்லை. எனக்கும் அப்போது அது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுப் பார்சலைக் கையில் தந்து பஸ்ஸில் ஏற்றி விட்டார்கள். திரும்பி வரும் வழியில் பத்தாம் தரத்துப் பிள்ளையொன்று கேட்டது:

“சேர், உள்ளுக்கு எதப் பத்திப் பேசினாங்க?”

அன்றைய மாநாடு கல்வியைப் பற்றியது.

அந்தக் கேள்வி இன்னமும் என்னை விட்டுப் போகவில்லை. மாநாடு, கருத்தரங்கு, கண்காட்சி என்று எத்தனையோ நடக்கின்றன. பெருந்தொகைப் பணம் செலவாகிறது. கூட்டம் கலைந்து, பெனர் இறக்கி, கதிரை அடுக்கிய பிறகு அந்த ஊருக்கு மிஞ்சுவது என்ன? மிஞ்சும்படி செய்ய முடியுமா? முடியும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. ஆனால் அது தானாக நடப்பதில்லை. எங்கே கூடுவது, யாரை மேடையேற்றுவது, கலைந்த பின் என்ன செய்வது ஆகிய மூன்று முடிவுகளை முன்கூட்டியே எடுத்தவர்கள்தான் அதைச் சாதித்திருக்கிறார்கள். இக்கட்டுரை அந்த மூன்றையும் விளக்க முயல்கிறது.

இது ஒரு தொழில்

கூட்டங்கள், ஊக்குவிப்புப் பயணங்கள், மாநாடுகள், கண்காட்சிகள் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இத்தொழிலை ‘மைஸ்’ என்று சுருக்கமாக அழைப்பர். மண்டபம் நடத்துபவர், ஹோட்டல்காரர், மேடையும் ஒலியும் ஒளியும் அமைப்பவர், மொழிபெயர்ப்பாளர், சமையற்காரர், அச்சகத்தார், இவர்களையெல்லாம் ஒருங்கிணைக்கும் ஏற்பாட்டு நிறுவனங்கள் எனப் பலருக்கு இது சோறு போடுகிறது. பல நாடுகளில் இதற்கெனத் தனிப் பணியகங்கள் இருக்கின்றன. எங்கள் நாட்டிலும் இலங்கை மாநாட்டுப் பணியகம் இருக்கிறது. சீனாவின் அன்பளிப்பாகக் கட்டப்பட்டு 1973இல் திறக்கப்பட்ட பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தை அறியாதவர் இலர். 1976இல் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு கூடியது அங்கேதான்.

பெரிய சர்வதேச மாநாடுகளுக்காக நகரங்கள் பல வருடங்களுக்கு முன்னரே போட்டி போடும். எங்கள் ஊரில் வைத்தால் இத்தனை அறை தருவோம், இவ்வளவு கழிவு தருவோம் என்று கேள்விப்பத்திரம் போடும். வெல்லும் நகரத்துக்கு என்ன லாபம் என்று கேட்டால் வழமையாக ஒரே பதில்தான் வரும்: அறைகள் நிரம்பும், டெக்ஸி ஓடும், கடைகளில் வியாபாரம் நடக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் வந்தவர்கள் விமானம் ஏறியதோடு அந்த வருமானம் நின்றுவிடும்.

நிற்காத பயன் ஒன்றும் இருக்கிறது. மனிதன் மரணித்த பின்னும் அவன் செய்த சில தர்மங்களின் நன்மை ஓடிக்கொண்டிருக்கும் என்பது நாம் அறிந்தது. ‘ஸதகத்துல் ஜாரியா’ என்கிறோம். மாநாட்டுத் தொழிலில் உள்ளவர்கள் இப்போது ‘லெகசி’ என்ற சொல்லால் குறிப்பதும் ஏறக்குறைய இதைத்தான்: கூட்டம் முடிந்த பின்னும் ஓடிக்கொண்டிருக்கும் நன்மை.

சந்தையும் சத்தியமும்

வியாபாரத்துக்காகக் கூடுவதும், கூடிய இடத்தில் சமூகத்தின் குறையைப் பேசுவதும் புதிய விடயங்கள் அல்ல. இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபகத்தில், தாயிபுக்கு அருகே ‘உகாழ்’ சந்தை வருடந்தோறும் கூடியது. சரக்கு விற்கப்பட்ட அதே இடத்தில் கவிதை அரங்கேறியது, கோத்திரங்களின் பிணக்குகளும் பேசப்பட்டன.

நம் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது ‘ஹில்புல் புழூல்’ நிகழ்வு. யெமனின் ஸபீத் பகுதியிலிருந்து மக்காவுக்கு வந்த வியாபாரி ஒருவரிடம் குறைஷிப் பிரமுகரான ஆஸ் இப்னு வாயில் பொருளை வாங்கிவிட்டுப் பணம் கொடுக்க மறுத்தார். அந்நியருக்காகப் பரிந்து பேச ஆளில்லை. அவர் மலையேறி நின்று மக்கா வாசிகளிடம் பகிரங்கமாக முறையிட்டார். அதன் பிறகு அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் சில கோத்திரத்தார் ஒன்றுகூடி, அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூராயினும் வெளியூராயினும் அவர் பக்கம் நிற்போம் எனச் சத்தியம் செய்தனர். வாலிபராக இருந்த நபி (ஸல்) அவர்களும் அதில் பங்குபற்றினார்கள். இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இணங்குவேன் என்ற கருத்தில் அதனைச் சிறப்பித்துக் கூறினார்கள்.

அது ஒரு வீட்டில் நடந்த சிறு கூட்டம். பாதிக்கப்பட்டவரின் குரல் முதலில் கேட்டது. கூட்டம் கலைந்தபோது எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரு முடிவு மிஞ்சியது. ஒரு மாநாட்டை அளக்க வேறு அளவுகோல் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

எங்கே கூடுவது?

நவீன காலத்தில் இதைச் சோதித்துப் பார்க்க நல்ல உதாரணம் சர்வதேச எயிட்ஸ் மாநாடு. 1985இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் தொடங்கிய இம்மாநாட்டுக்குப் பல ஆயிரம் பேர் வருவார்கள். அதை நடத்துவது எந்த நகரத்துக்கும் கௌரவமும் வருமானமும் தரும் காரியம்.

1987இல் அமெரிக்கா, எச்.ஐ.வி. தொற்றுள்ள வெளிநாட்டவர்கள் தன் நாட்டுக்குள் வரத் தடை விதித்தது. 1989இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கூட்டத்துக்காகப் புறப்பட்ட ஒல்லாந்துச் சுகாதாரப் பணியாளர் ஒருவர், பையில் மருந்து இருந்த காரணத்தால் வழியிலேயே பிடிக்கப்பட்டுச் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டார். நோயைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு நோயாளி வரக்கூடாது! 1990இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆறாவது எயிட்ஸ் மாநாடு கூடியபோது பல நாடுகளின் அமைப்புகள் அதைப் புறக்கணித்தன.

அடுத்து 1992ஆம் ஆண்டு மாநாடு பொஸ்டன் நகரில் நடப்பதாக இருந்தது. தடை நீங்காததால் ஏற்பாட்டாளர்கள் மாநாட்டையே அம்ஸ்டர்டாமுக்கு மாற்றினார்கள். பொஸ்டன் நகரத்து ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் வரவேண்டிய வருமானம் கடல் கடந்து போனது. அதற்குப் பிறகும் தடை இருந்தவரை அமெரிக்காவில் அம்மாநாடு நடக்கவே இல்லை. 2009 ஒக்டோபரில் ஜனாதிபதி ஒபாமா தடை நீக்கத்தை அறிவித்தார். 2010 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 2012 ஜூலையில் மாநாடு வொஷிங்டனுக்குத் திரும்பியது. இடையில் 22 வருடங்கள்.

மாநாடு வராததால் மட்டும் தடை நீங்கிற்று என்று சொல்வது மிகை. நோயாளர் அமைப்புகளும் சட்டத்தரணிகளும் மக்கள் பிரதிநிதிகளும் நீண்ட காலம் போராடினார்கள். ஆனால் ‘உங்கள் சட்டம் மாறும் வரை எங்கள் பணம் உங்கள் ஊருக்கு வராது’ என்று சொல்லும் வல்லமை மாநாடு நடத்துபவர்களிடம் இருந்தது. அதை அவர்கள் பயன்படுத்தினார்கள். இடத்தைத் தெரிவது கழிவுக் கணக்கு மட்டுமல்ல, அது நீதி பற்றிய முடிவும்கூட.

யாரை மேடையேற்றுவது?

2000 ஜூலை 9 முதல் 14 வரை பதின்மூன்றாவது மாநாடு தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் கூடியது. வளர்முக நாடொன்றில் அம்மாநாடு நடந்தது அதுவே முதல் தடவை. 1860 முதல் தமிழ்க் கூலித் தொழிலாளர் கப்பலில் வந்து இறங்கிய அதே டேர்பன்தான். மூன்று வருடங்களுக்கு முன்னர், 1997இல், நெல்சன் மண்டேலா அங்கே ஒரு சர்வதேச மாநாட்டு மண்டபத்தைத் திறந்து வைத்திருந்தார். பழைய மத்திய சிறைச்சாலை இருந்த காணியில் கட்டப்பட்ட மண்டபம் அது. பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் வரும் மாநாட்டை ஏற்க அத்தகைய மண்டபமும் ஹோட்டல்களும் அனுபவமுள்ள ஊழியர்களும் வேண்டும். தொழிலின் பங்கு இல்லாமல் இலட்சியம் மட்டும் அந்த மாநாட்டை ஆபிரிக்காவுக்குக் கொண்டு வந்திருக்காது.

மாநாட்டின் தலைவர் டேர்பனைச் சேர்ந்த முஸ்லிம் மருத்துவர், பேராசிரியர் ஹூசன் கோவாடியா. குழந்தை மருத்துவ நிபுணரான அவர் நிறவெறிக்கெதிராகப் போராடியவர். விஞ்ஞான நிகழ்ச்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சலீம் அப்துல் கரீம். அவர்களுடைய நிலைமை இலகுவாக இருக்கவில்லை. நாட்டில் நாலு மில்லியனுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று இருந்தது. அப்போதைய ஜனாதிபதி தாபோ எம்பெக்கியோ எச்.ஐ.வி.தான் எயிட்ஸை உண்டாக்குகிறதா என்ற ஐயத்துக்கு இடம் கொடுத்து வந்தார். மாநாட்டுக்குச் சற்று முன்னர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கையொப்பமிட்ட ‘டேர்பன் பிரகடனம்’ வெளியானது. நோய்க்குக் காரணம் அந்த வைரஸ்தான் என அது ஐயத்துக்கிடமின்றிச் சொன்னது.

தொடக்க விழா கிரிக்கெட் மைதானம் ஒன்றில் நடந்தது. ஜனாதிபதி பேசினார். அதே மேடையில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனும் பேசினான். அவன் பெயர் இன்கோசி ஜோன்சன். பிறவியிலேயே தொற்றுடன் பிறந்தவன். தொற்றைக் காரணம் காட்டிப் பாடசாலையில் சேர்க்கத் தயங்கியபோது நாட்டையே பேச வைத்தவன். கர்ப்பிணித் தாய்மாருக்கு மருந்து கொடுங்கள், பிள்ளைகளுக்கு இந்நோய் வராமல் தடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டான். அடுத்த வருடம் ஜூன் முதலாம் திகதி அவன் இறந்து போனான்.

மறுநாள் பேசியவர்களில் ஒருவர் நீதியரசர் எட்வின் கெமரன். தானும் தொற்றுள்ளவன் என்றும், மருந்தை விலை கொடுத்து வாங்கச் சம்பளம் போதுமாக இருப்பதால்தான் உயிரோடு நிற்கிறேன் என்றும், அந்த வசதியில்லாத இலட்சக்கணக்கானோர் சாகிறார்கள் என்றும் அவர் சொன்னார். மண்டபத்துக்கு வெளியே, ‘சிகிச்சைக்கான செயற்பாட்டு இயக்கம்’ நடத்திய ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் மருந்து கேட்டு நடந்தனர். இறுதி நாளில் மண்டேலா வந்து, விவாதத்தை விட்டுவிட்டு உயிர்களைக் காப்பாற்றும் வேலையைப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டார்.

அதுவரை மருத்துவர்களும் மருந்துக் கம்பனிகளும் பேச, நோயாளி புள்ளிவிபரமாக இருந்தான். டேர்பனில் நோயாளியே ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தான். மருந்து இருக்கிறது, ஆனால் அது தேவைப்படும் நாட்டில் இல்லை என்பது உலகச் செய்தியாகியது.

கலைந்த பின்…

அக்காலத்தில் ஒரு நோயாளிக்கு ஒரு வருடத்துக்கான மருந்து ஏறத்தாழ 10,000 அமெரிக்க டொலர். 2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுப் ஹமீத் அதே வகை மருந்தை வருடத்துக்கு 350 டொலருக்குத் தர முன்வந்தார். ஒரு நாளைக்கு ஒரு டொலருக்கும் குறைவு. அதே வருடம் ஏப்ரலில், மலிவு மருந்துச் சட்டத்துக்கு எதிராகத் தென்னாபிரிக்க அரசின் மீது தொடுத்திருந்த வழக்கை 39 மருந்துக் கம்பனிகளும் கைவிட்டன. 2002 ஜனவரியில் எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் உருவானது. 2002 ஜூலையில் தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம், தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதைத் தடுக்கும் மருந்தை அரச வைத்தியசாலைகளில் தெரிவு செய்த சில இடங்களுக்குள் அடக்கி வைக்கக்கூடாது எனத் தீர்ப்பளித்தது. 2004இல் அந்நாட்டில் அரச செலவிலான சிகிச்சை தொடங்கியது.

2016இல் அதே மாநாடு மீண்டும் டேர்பனில் கூடிய வேளையில் உலகில் சுமார் 17 மில்லியன் பேர் சிகிச்சை பெற்று வந்தனர்.

இவை எல்லாம் ஒரு வார மாநாட்டின் கைங்கரியம் என்று நான் சொல்லவில்லை. வழக்காடியவர்கள், வீதியில் நடந்தவர்கள், மலிவாக மருந்து செய்தவர்கள், நிதி தந்தவர்கள் எனப் பலரின் உழைப்பு அது. மாநாடு கொடுத்தது ஒரு மேடையும், உலகம் திரும்பிப் பார்க்க ஒரு திகதியும். போராடுபவனுக்கு அவ்விரண்டும் இலேசில் கிடைப்பதில்லை.

தொழில் செய்பவர் செய்யக்கூடியவை

இதைப் படித்துவிட்டு, “அது உலக மாநாடு, நமக்கென்ன?” என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் படிமுறை ஒன்றுதான், அளவுதான் வேறு.

முதலாவது, கேள்விப்பத்திரம் எழுதும்போதே ஊரின் குறையைக் கேட்டறிவது. சிறுநீரக மருத்துவர்களின் மாநாடு என்றால் அந்த மாவட்டத்தில் ஒரு நாள் பரிசோதனை முகாமும், உள்ளூர்த் தாதியருக்கு ஒரு பயிற்சியும் சேரலாம். வருகிற நிபுணருக்கு அது அரை நாள் வேலை.

இரண்டாவது, யார் உள்ளே வரலாம் என்பது. கட்டணம்தான் மாநாட்டின் உண்மையான வாசல். மாணவருக்கும் வறிய நாட்டவருக்கும் குறைந்த கட்டணமும் உதவிப்பணமும் வேண்டும். எயிட்ஸ் மாநாட்டில் 2004ஆம் ஆண்டு பெங்கொக்கிலிருந்து ‘உலகக் கிராமம்’ என ஒரு பகுதி அமைக்கிறார்கள். அதற்குள் பொதுமக்கள் கட்டணமில்லாமல் வரலாம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம், சைகை மொழி, தொழுகைக்கு ஓர் அறை, கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு ஓர் இடம் ஆகியவையும் வாசலின் பகுதிகளே.

மூன்றாவது, யாரிடம் வாங்குவது என்பது. ஐந்நூறு பேருக்கான சிற்றுண்டியை ஒரே பெரிய கடைக்குக் கொடுக்கலாம். அல்லது வீட்டிலிருந்து சமைத்து விற்கும் பத்துப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். பின்னதில் கொஞ்சம் அலைச்சல் கூடத்தான். ஆனால் சுத்தம், நேரம், பற்றுச்சீட்டு என்று அந்தப் பெண்கள் பழகிக்கொள்வது அடுத்த ஓடருக்கும் உதவும்.

நான்காவது, மிஞ்சும் சோறு. சாப்பாடு குறையக்கூடாது என்று கூட்டிச் சமைப்பது நமது வழக்கம். இரவில் அதைக் குழியில் கொட்டுவது வீண்விரயம் என்று எல்லோருக்கும் தெரியும். யாருக்கு, எந்த வாகனத்தில், எத்தனை மணிக்குள் போகவேண்டும் என்பதை முதல் நாளே பேசி வைத்தால்தான் அது ஒருவரின் வயிற்றுக்குப் போகும். கூட்டம் முடிந்த பிறகு யோசித்தால் சோறு புளித்துவிடும்.

ஐந்தாவது, ஒரு வருடம் கழித்துக் கணக்குக் கேட்பது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதை எல்லோரும் எழுதி வைக்கிறார்கள். எடுத்த தீர்மானத்தில் எது நடந்தது என்பதை எழுதி வைப்பவர் குறைவு.

இத்தொழிலின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. 2022இல் கனடாவின் மொன்றியலில் எயிட்ஸ் மாநாடு கூடியபோது ஆபிரிக்காவிலிருந்து வரவிருந்த பலருக்கு வீசா கிடைக்கவில்லை. தொடக்க விழாவிலேயே எதிர்ப்புக் குரல் எழுந்தது. பொஸ்டனுக்குக் கற்பித்த பாடத்தை அதே மாநாடு மீண்டும் படிக்க வேண்டியதாயிற்று. ஒரு தடவை செய்த நீதி அடுத்த தடவைக்குச் செல்லுபடியாகாது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

எங்கட மேடைகள்

மாநாடு நமக்குப் புதிதல்ல. 1973இல் திருச்சிராப்பள்ளியிலும் 1979இல் கொழும்பிலும் நடந்த இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகளைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவற்றில் போட்ட மாலைகளும் பொன்னாடைகளும் போன இடம் தெரியாது. மிஞ்சியவை ஆய்வுக் கட்டுரைகளும் மலர்களும்தான். கிஸ்ஸா, படைப்போர், முனாஜாத்து என்று தேடிப் போகும் மாணவர் இன்றைக்கும் அவற்றைத்தான் புரட்டுகிறார். அதுவே அம்மாநாடுகளின் ஓடிக்கொண்டிருக்கும் நன்மை.

இப்போது நம் ஊர்களில் அதிகம் நடப்பது நூல் வெளியீட்டு விழா. முதற்பிரதியைப் புரவலர் ஒருவர் பெற்றுக்கொள்வார், சிறப்புப் பிரதிகள் பிரமுகர்களுக்குப் போகும். படம் எடுத்து முடிந்ததும் அவற்றில் பல கதிரையிலேயே விட்டுச் செல்லப்படுவதைக் கண்டிருக்கிறேன். அதே ஊரின் பாடசாலை நூலகத்துக்கு ஒரு பிரதி போயிருக்காது. முதற்பிரதிக்குக் கொடுக்கும் தொகையில் சுற்றுவட்டாரப் பாடசாலைகளுக்கு இத்தனை பிரதி என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட்டால் என்ன? புரவலருக்கும் மதிப்பு, எழுதியவருக்கும் வாசகர்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பிறகு, வரவேற்புக்கு மாணவர்களை அனுப்பச் சொல்லி வருபவர்களிடம் நான் ஒரு நிபந்தனை சொல்வதுண்டு. பிள்ளைகள் அரை மணித்தியாலம் வாசலில் நிற்பார்கள், நிகழ்ச்சி தொடங்கியதும் உள்ளே வந்து கதிரையில் இருப்பார்கள், கேள்வி நேரத்தில் அவர்களில் ஒருவருக்கு ஒலிவாங்கி கொடுக்க வேண்டும். சிலர் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். சிலர் “பார்த்துச் சொல்றம் சேர்” என்று போய், வேறு பாடசாலையில் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள்.